புளோரன்ஸில் இரண்டரை நாள்: முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் தொடக்கத்தில் ரோமில் நான்கு நாள்கள் தங்கிவிட்டு, சனிக்கிழமை நண்பகலில் ரயிலில் புளோரன்ஸ் வந்து, திங்கட்கிழமை மாலை அங்கிருந்து வெனிஸுக்குப் புறப்படுவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். என்னுடன் வருபவர் 68 வயதான என் அம்மா. சமதளத்தில் நிதானமாக நடப்பார். ஆனால் படியேறினால் முழங்கால் வலிக்கும், வரிசையில் நெடுநேரம் நிற்கவும் முடியாது. இருவரும் சைவ உணவுக்காரர்கள்.

நான் எழுதி வைத்திருக்கும் வரிசை இது: சனிக்கிழமை பிற்பகல் பேராலயமும் குவிமாடமும் பொன்தே வெக்கியோ பாலமும், ஞாயிறு காலை பைசா சென்று சாய்ந்த கோபுரம், மாலையில் திரும்பி வந்து பிட்டி அரண்மனையும் பொபொலி தோட்டமும், திங்கட்கிழமை காலை உஃபீஸி ஓவியக்கூடம், பிறகு அக்காதெமியா கலைக்கூடத்தில் மைக்கேலாஞ்சலோவின் டேவிட் சிலை, நேரமிருந்தால் சாந்தா குரோச்சே தேவாலயம். நுழைவுச்சீட்டு எதையும் இன்னும் வாங்கவில்லை. இந்த வரிசை சரிப்படுமா, எதையாவது விட வேண்டுமா என்று போய்வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1

சீட்டு வாங்காமல் இருந்தது நல்லதாயிற்று. திங்கட்கிழமைகளில் உஃபீஸி, அக்காதெமியா இரண்டுமே மூடியிருக்கும்; பிட்டி அரண்மனையும் அப்படியே. நீங்கள் எதற்காகப் புளோரன்ஸ் போகிறீர்களோ அது முழுவதையும் மூடியிருக்கும் நாளில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். இதற்கு நேர்மாறாக, பேராலயம் ஞாயிற்றுக்கிழமைகளில் வழிபாட்டுக்கு மட்டுமே. சுற்றிப் பார்க்க வருபவர்களுக்குத் திறப்பதில்லை. ஆகவே பேராலயத்தைத் திங்கட்கிழமைக்கும், இரண்டு கூடங்களையும் சனி ஞாயிறுகளுக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். சனி பிற்பகல் அக்காதெமியா, ஞாயிறு காலை 8.15க்கு உஃபீஸி திறக்கும்போதே உள்ளே இருப்பது என்று நேரம் குறித்து முன்பதிவு செய்தால், அம்மா வரிசையில் நிற்க வேண்டிய தேவை பெருமளவு குறையும்.

உஃபீஸியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் களைத்துப் போகிறார்கள். அந்தப் பெயருக்கு ‘அலுவலகங்கள்’ என்பதுதான் பொருள். முதலாம் கோசிமோவின் ஆட்சி அலுவலகங்களுக்காக வசாரி 1560இல் கட்டத் தொடங்கிய கட்டடம் அது. முக்கியமான கூடங்கள் உச்சித் தளத்தில் இருக்கின்றன, படிக்கட்டு நீளமானது, ஆனால் நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு லிப்ட் உண்டு, நுழைவாயிலில் உள்ள பணியாளரிடம் தயங்காமல் கேளுங்கள். எல்லா அறைகளையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். தொடக்கத்திலேயே சிமாபுயே, துச்சோ, ஜோத்தோ மூவரும் வரைந்த மூன்று பெரிய மரியன்னைப் படங்கள் ஒரே அறையில் இருக்கின்றன. ஒரே பொருள், ஏறத்தாழ ஒரே தலைமுறை. ஆனால் ஜோத்தோவின் படத்தில் மட்டும் ஆடைக்குள் முழங்கால் இருப்பது தெரியும், அந்தப் பெண் உண்மையிலேயே எடையோடு இருக்கையில் அமர்ந்திருப்பாள். மறுமலர்ச்சி என்றால் என்ன என்று பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, அந்த அறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும் என்பது என் கருத்து.

அடுத்து, பியெரோ தெல்லா பிரான்செஸ்கா வரைந்த உர்பினோ கோமகனின் பக்கவாட்டு உருவம். மூக்கின் மேற்பகுதி வெட்டியெடுத்ததுபோல் பள்ளமாக இருக்கும். போர்விளையாட்டொன்றில் வலக்கண்ணை இழந்தவர் அவர். அதனால்தான் இடப்பக்க முகத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறார். போத்திச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ முன்னால் எப்போதும் கூட்டம் இருக்கும், அதைத் தவிர்க்க வழியில்லை. இவற்றோடு லியோனார்தோவின் மங்களவார்த்தைப் படத்தையும் (வானதூதர் மரியாளிடம் இயேசுவின் பிறப்பை அறிவிக்கும் காட்சி) பார்த்துவிட்டு, தெற்குத் தாழ்வாரத்துச் சன்னலில் நின்று ஆர்னோ ஆற்றையும் பொன்தே வெக்கியோவையும் மேலிருந்து பார்த்தால், பாலத்துக்கெனத் தனியே நேரம் ஒதுக்க வேண்டியதுகூட இல்லை.

பதில் 2

முதல் பதிலில் சொன்ன கிழமைக் கணக்கு சரியானது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு பெரிய கூடங்கள் என்பது முழங்கால் வலி உள்ளவருக்கு அதிகம் என்று நினைக்கிறேன். என் மாமியாரை அப்படி அழைத்துச் சென்று, இரண்டாம் நாள் அவர் ஓவியங்களைப் பார்க்காமல் பெஞ்சுகளை மட்டுமே தேடியதைக் கண்டவன் என்பதால் சொல்கிறேன்.

முதலில் பைசாவை விட்டுவிடுங்கள். ரயிலில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்; மத்திய ரயில் நிலையத்திலிருந்து கோபுரம் வரை நடையும் குறைவில்லை. இரண்டரை நாளில் அரை நாளை அதற்குக் கொடுப்பது நியாயமில்லை. பொபொலியையும் விடுங்கள், தோட்டம் என்று பெயரே தவிர அது ஒரு குன்றின் சரிவு, சரளைக் கல்லும் ஏற்றமுமாக இருக்கும்.

குவிமாடத்துக்கு 463 படிகள், லிப்ட் கிடையாது. பாதியில் மனம் மாறினால் திரும்புவதும் எளிதன்று. அம்மாவுக்கு அது நிச்சயம் வேண்டாம். நீங்கள் மட்டும் ஏறுங்கள், கட்டாயம் ஏறுங்கள். 1420 முதல் 1436 வரை புரூனெல்லெஸ்கி தரையிலிருந்து மரச்சாரம் கொடுத்துத் தாங்காமலேயே எழுப்பிய குவிமாடம் அது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடுகள். நீங்கள் ஏறிச்செல்லும் வழி அந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது. சுவர் உங்கள் தோளின்மேல் சாய்ந்துகொண்டே வருவதையும், செங்கற்கள் கிடையாகவும் நெடுக்காகவும் மாறிமாறிப் பின்னலைப்போல் அடுக்கப்பட்டிருப்பதையும் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் காணலாம். அந்தப் பின்னல்தான், சாந்து காயும் வரை ஒவ்வொரு வரிசைச் செங்கல்லையும் நழுவாமல் பிடித்து நிறுத்தியது.

நீங்கள் ஏறும் நேரத்தில் அம்மாவைப் பேராலயத்தின் பின்புறமுள்ள அருங்காட்சியகத்தில் உட்கார வைக்கலாம். ‘ஓபெரா தெல் துவோமோ’ அருங்காட்சியகம் என்று கேளுங்கள். குவிமாடத்துக்கான கூட்டுச்சீட்டிலேயே இதுவும் அடங்கும். லிப்ட் இருக்கிறது, கூட்டம் குறைவு. ஞானஸ்நான மண்டபத்தின் வெளியே எல்லாரும் படமெடுத்துக்கொள்ளும் பொற்கதவு நகல்தான். கிபெர்த்தி 1425இல் தொடங்கி 1452இல் முடித்த மூலக் கதவுகள் இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. மைக்கேலாஞ்சலோ எழுபது வயதைத் தாண்டியபின் தம் சொந்தக் கல்லறைக்கென்று செதுக்கத் தொடங்கி, பிறகு தாமே சுத்தியலால் உடைத்த பியெத்தாவும் (இறந்த கிறிஸ்துவின் உடலைத் தாங்கும் சிற்பம்) இங்கேதான் இருக்கிறது. கிறிஸ்துவின் இடது கால் இன்றும் இல்லை. பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் முக்காடு போட்ட கிழவரின் முகம் சிற்பியின் சொந்த முகம் என்று சொல்வார்கள். டேவிட்டைவிட எனக்கு இதுவே நெருக்கமானது. இதைச் சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மிக்க நன்றி. பைசாவையும் பொபொலியையும் நீக்கிவிட்டேன். ஆனால் முன்பதிவு செய்யப் போனபோது ஒரு சிக்கல்: ஞாயிற்றுக்கிழமைக்கு உஃபீஸியிலும் அக்காதெமியாவிலும் நேரமே காட்டவில்லை. நாட்காட்டியைப் பார்த்தால் அது அந்த மாதத்தின் முதல் ஞாயிறு. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? உணவு, தங்குமிடம் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 எழுதியவர்

தொடர்பு உண்டு, தேதியைக் கேட்காமல் எழுதியது என் தவறு. மாதத்தின் முதல் ஞாயிறு இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களுக்குக் கட்டணமில்லாத நாள். அன்று முன்பதிவு கிடையாது, வந்தவர் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இலவசம் என்ற சொல்லைக் கேட்டு அங்கே போய்விடாதீர்கள். வரிசை கட்டடத்தைச் சுற்றிப் போகும், அம்மாவால் முடியாது.

எனவே இரண்டு கூடங்களுக்கும் உங்களுக்கு மிஞ்சுவது சனிக்கிழமை ஒன்றுதான். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரப் பயணமே என்பதால், நண்பகல் ரயிலை விட்டுக் காலை ரயிலுக்கு மாறி, பத்து மணிக்குள் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்தில் இறங்கிவிடுங்கள். பிறகு உஃபீஸியா அக்காதெமியாவா என்று அம்மாவையே கேளுங்கள். அக்காதெமியா சிறியது, ஒரு மணி நேரத்தில் நிறைவாகப் பார்த்துவிடலாம். டேவிட் 5.17 மீட்டர் உயரம். 1504இல் முடிந்தபின் நகரமன்றத்தின் முன் திறந்த வெளியில் நின்று, 1873இல்தான் உள்ளே கொண்டுவரப்பட்டது. அதை நோக்கிச் செல்லும் நீண்ட கூடத்தின் இருபுறமும் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட ‘கைதிகள்’ நிற்கிறார்கள். ஒருவனுக்கு வயிறும் தொடையும் வந்துவிட்டன, தலை இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. உளியின் பற்கள் இழுத்த கோடுகள் அப்படியே தெரியும்.

ஞாயிறன்று ஓபெரா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அது பேராலயத்துக்கு உரியது, அரசுடையது அன்று, ஆகவே இலவச நாள் நெரிசல் அங்கே இல்லை. சாந்தா குரோச்சே ஞாயிறு காலை வழிபாட்டுக்குப் பின் பிற்பகலில் திறக்கும். மைக்கேலாஞ்சலோ, கலிலேயோ, மாக்கியவெல்லி மூவரும் அங்கே துயில்கிறார்கள். கவிஞர் தாந்தேவுக்கும் ஒரு பெரிய நினைவுச்சின்னம் உண்டு, ஆனால் அது வெற்றுக் கல்லறை. அவரை நாடுகடத்திய நகரம் பின்னாளில் உடலைக் கேட்டபோது, அவர் அடக்கம் செய்யப்பட்ட ரவென்னா நகரம் கொடுக்க மறுத்துவிட்டது. சிமாபுயேவின் சிலுவையில் வண்ணம் உதிர்ந்த திட்டுகளைப் பாருங்கள். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ வெள்ளம் செய்த வேலை அது. திங்கள் காலை 8.15க்குக் குவிமாடம், அதன்பின் இருவரும் சேர்ந்து பேராலயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும்.

பதில் 3

தங்குமிடம் பற்றி மட்டும்: பேராலயத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் எடுங்கள், எல்லாமே நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். ஆனால் ‘லிப்ட் உண்டு’ என்று எழுதியிருந்தாலும், அது தெருவாசலிலிருந்தே தொடங்குகிறதா என்று கடிதம் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நாங்கள் தங்கிய பழைய மாளிகையில் லிப்டை அடையவே 22 கற்படிகள் ஏற வேண்டியிருந்தது. அதைப் பற்றி முன்பதிவுப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. அறை வாடகையோடு, ஆளுக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என்று நகர வரியும் தனியாகக் கேட்பார்கள், அது முறையானதுதான்.

சைவம் இங்கே கடினமில்லை. ‘ரிபொல்லித்தா’ என்பது கருங்கோசு, வெள்ளை அவரை, பழைய ரொட்டி சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான சூப். ‘பாப்பா அல் பொமொதோரோ’ தக்காளியும் ரொட்டியும் குழையக் குழைய வேகவைத்தது. இரண்டிலும் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மெசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பை நொதியால் உறையவைக்கப்படுவது; கண்டிப்பான சைவர் என்றால் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரொட்டியில் உப்பே இருக்காது, அது சமையல்காரரின் மறதியன்று, தொஸ்கானா வழக்கம். இரவுச் சாப்பாடு ஏழரைக்கு முன் கிடைப்பது அரிது, அம்மாவுக்கு மாலையில் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைவதைப் பார்க்க மைக்கேலாஞ்சலோ மேட்டுக்கு 12 அல்லது 13ஆம் எண் பேருந்து நேரே மேலே போகிறது. அக்டோபர் தொடக்கத்தில் ஏழு மணியை ஒட்டி இருட்டும். டாக்சியைத் தெருவில் கைகாட்டி நிறுத்தப் பார்க்காதீர்கள், நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும் அல்லது விடுதியில் சொல்லி அழைக்க வேண்டும்.

கேள்விக்குச் சற்று விலகிய ஒன்று. காஷினே பூங்காவின் மேற்குக் கோடியில், ஆர்னோவும் முஞ்ஞோனேயும் கூடும் இடத்தில், கோலாப்பூர் மகாராஜா ராஜாராமின் நினைவு மண்டபம் இருக்கிறது. ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், இருபது வயதளவில், 1870இல் இந்த நகரத்தில் இறந்தார். ஆற்றங்கரையில் இந்து முறைப்படி எரியூட்டினார்கள். அருகிலுள்ள பாலத்துக்கும் ‘இந்தியரின் பாலம்’ என்றுதான் பெயர்.

கேட்டவரின் மறுமொழி

அம்மாவிடம் படங்களைக் காட்டினேன். டேவிட்டைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, கைதிகளைப் பார்த்துவிட்டு, “இவனை ஏன் பாதியிலேயே விட்டுவிட்டார்கள்?” என்று கேட்டார். ஆகவே சனிக்கிழமை 11.30க்கு அக்காதெமியா, இரண்டு சீட்டு வாங்கிவிட்டேன். அன்று பிற்பகல் அவர் விடுதியில் படுத்து ஓய்வெடுப்பார்; நான் மட்டும் 3.30க்கு உஃபீஸி சென்று அந்த மூன்று மரியன்னைகளின் முன் உட்காரப் போகிறேன். திங்கள் காலைக் குவிமாடத்துக்கும் இடம் கிடைத்துவிட்டது. விடுதிக்கு எழுதிக் கேட்டதில், லிப்ட் தெருவாசலிலிருந்தே இருக்கிறது என்று பதில் வந்தது.

மகாராஜாவின் மண்டபத்தை விட அம்மாவுக்கு மனமில்லை. பூங்காவின் கோடிவரை நடக்க முடியாது என்பதால் ஞாயிறு காலை டாக்சியில் போய்வந்து, அதன்பின் ஓபெரா அருங்காட்சியகத்துக்குப் போகிறோம். அங்கே அரை மணி நேரம் டாக்சியைக் காத்திருக்கச் சொல்லலாமா, அல்லது திரும்பி வர விடுதி வழியாக வேறு வண்டி சொல்லி வைக்க வேண்டுமா?

பதில் 3 எழுதியவர்

காத்திருக்கச் சொல்லலாம், மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். அந்தக் கோடியில் வேறு வண்டி கிடைப்பது நிச்சயமில்லாததால் நானாக இருந்தால் அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவேன்.