"எதுவானாலும் சொல்லுங்க" என்பவர்களிடம் எதைச் சொல்வது?

இரண்டாம்மாடி எழுதியது:

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருடமாக அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்குவதுதான் தொழில். குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் இரண்டாம் மாடி. மொத்தம் 34 படிகள். கால் உடையும்வரை எண்ணியதே இல்லை.

ஏழு வாரம் முன்னால் வேலை முடிந்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத் தெருவிலிருந்து வந்த கார் இடித்துவிட்டது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகி, ஒரு முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. வலி அப்போது தெரியவில்லை. பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது மட்டும் தெரிந்தது.

கூட்டம் கூடிவிட்டது. "யாராவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா" என்று ஆளாளுக்குச் சொன்னார்களே தவிர யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அப்போது ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் மண்டியிட்டார். தோளில் இருந்த துணியை மடித்து, எலும்பின் மேல் அழுத்தாமல் காயத்தைச் சுற்றி வைத்து அழுத்தினார். அழுத்தியபடியே விரலை நீட்டி, "நீங்க, நீலச் சட்டை, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. பேசி முடிச்சுட்டு எங்கிட்ட வந்து சொல்லுங்க. தம்பி, நீ அந்த வளைவுல போய் நின்னு வண்டியை நிறுத்து" என்றார். இருவரும் ஓடினார்கள். ஒருவர் என் ஹெல்மெட்டைக் கழற்ற வந்தார், "தொடாதீங்க, கழுத்து அசையும்" என்று தடுத்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "குடிக்கக் குடுக்காதீங்க, ஆபரேஷன் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையின் நுனியை நனைத்து என் உதட்டில் ஒற்றினார். துணி முழுக்க நனைந்த பிறகும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தினார். ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கவில்லை. பேரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

அரசு மருத்துவமனையில் அன்று இரவே காயத்தைக் கழுவி, எலும்புக்குள் ராடு போட்டார்கள். மேலும் கீழும் குறுக்கே ஸ்க்ரூ. எக்ஸ்ரேயைப் பார்த்தபோது, லிஃப்ட் பிடித்துக்கொண்டு ஓடுமே அந்தக் கைடு ரெயில் ஞாபகம்தான் வந்தது. இரத்தம் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். 11 நாள் வார்டில் இருந்தேன்.

இப்போது கேள்வி. நான் தனியாள். கட்டிடத்தில் எல்லாருமே நல்லவர்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் "எதுவானாலும் கூச்சப்படாம சொல்லுங்க" என்கிறார்கள். நானும் "கண்டிப்பா சொல்றேன்" என்கிறேன். ஆனால் சொன்னதில்லை. குப்பைப் பை நான்கு நாளாக வாசலிலேயே இருக்கிறது. போன வாரம் போன் கட்டிலுக்கடியில் போய்விட்டது. ஊன்றுகோலால் துழாவி எடுக்க முக்கால் மணி நேரம். எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் ஒரு நிமிட வேலை. தட்ட வாய் வரவில்லை, அதாவது கை வரவில்லை.

இந்த நிலையில் இருந்தவர்கள் எப்படிக் கேட்டீர்கள்? இன்னும் இரண்டு சின்னக் கேள்வி. எனக்கு இரத்தம் கொடுத்தவர்கள் யாரென்று தெரிந்துகொள்ள முடியுமா, நான் எப்போது திருப்பிக் கொடுக்கலாம்? அப்புறம், தெருவில் பிரேக் சத்தம் கேட்டாலே உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. இது தானாகப் போய்விடுமா?

—

ஊன்றுகோல்காரி எழுதியது:

அண்ணா, நான் பிசியோதெரபிஸ்ட். உதவி கேட்பது பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், எனக்கு அந்த 34 படிதான் கவலை.

முதலில் ஊன்றுகோலின் உயரத்தைப் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் அக்குளுக்கும் கோலின் மேல் முனைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். கைப்பிடி மணிக்கட்டு மட்டத்தில், முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். எடையைத் தாங்குவது உள்ளங்கை. அக்குளில் தொங்கிக்கொண்டு நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, கை மரத்துப்போகும். வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் தொங்கிக்கொண்டு வருகிறார்கள்.

படியில், ஏறும்போது நல்ல கால் முதலில், அடிபட்ட காலும் கோலும் பின்னால். இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முதலில், நல்ல கால் பின்னால். கைப்பிடி இருந்தால் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையில் ஒரு கோல் போதும். இன்னொரு கோலை யாராவது எடுத்து வரட்டும். துணைக்கு வருகிறவர் ஏறும்போதும் சரி, இறங்கும்போதும் சரி, உங்களுக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். மேலே நின்று சட்டையைப் பிடிப்பதால் பயனில்லை, இரண்டு பேரும் சேர்ந்து விழலாம், அவ்வளவுதான். முடியாத நாளில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடிபட்ட காலில் எவ்வளவு எடை போடலாம் என்று டாக்டர் கிலோவில் சொல்லியிருந்தால், வீட்டு எடை மெஷினில் அந்தக் காலை வைத்து அழுத்திப் பழகுங்கள். முள் அந்த எண்ணைத் தொடும்போது எப்படி இருக்கிறதோ, அதுதான் அளவு. கணுக்காலை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் ஆம்புலன்ஸ்.

—

கதவுச்சீட்டு எழுதியது:

தம்பி, என் வீட்டுக்காரர் இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருந்தார். நீங்கள் சொல்கிற அந்த "கண்டிப்பா சொல்றேன்" என்ற பதிலை நானும் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

ஒருநாள் அவரைத் திருப்பிப் படுக்கவைக்கத் தனியாக முயன்று என் முதுகு பிடித்துக்கொண்டது. அன்று மாலைதான் ஒரு காகிதத்தில் வேலைகளை எழுதினேன். கிழித்தெடுக்க வசதியாக நறுக்கி, வீட்டுக் கதவில் ஒட்டினேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வேலை, அதற்கான நாள், ஆகும் நேரம். "செவ்வாய் காலை 7 மணி, இவரை நாற்காலியில் உட்காரவைக்க ஒரு கை, 5 நிமிடம்." "வியாழன், மருந்துச் சீட்டைக் கொண்டுபோய் மாத்திரை வாங்கி வர." "ஞாயிறு, ஒரு மணி நேரம் இவரிடம் பேசிக்கொண்டிருக்க, நான் தூங்க." மறுநாள் மாலைக்குள் பாதிச் சீட்டு போயிருந்தது. பேசவே பேசாத ஒருவர் அந்த ஞாயிற்றுச் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரமும் செய்தித்தாள் படித்தார். தனக்குத்தான், மனதுக்குள். நான் நன்றாகத் தூங்கினேன்.

"எதுவானாலும்" என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை தம்பி. எதைச் செய்வதென்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்களுக்கு உதவிய அந்த அம்மாவைப் பாருங்கள். "யாராவது" என்றபோது அசையாத கூட்டம்தானே, "நீங்க, நீலச் சட்டை" என்றதும் ஓடியது? குப்பைப் பைக்கும் ஒரு நீலச் சட்டையைக் கண்டுபிடியுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் கட்டாதீர்கள். முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். கஷ்டம் அதற்கு அப்புறம்தான்.

—

கறார் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் அக்கம்பக்கத்து அன்பு இருந்தால் போதும் என்று இந்தப் பக்கம் முடிந்துவிடக் கூடாது. நான் மணிக்கட்டு உடைந்து ஒரு அரசு மருத்துவமனையில் ஒன்பது மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எனக்கு முன்னால் உள்ளே போனார்கள். கேட்டதற்குப் பதிலே இல்லை. கடைசியில் மாவுக்கட்டுப் போட்டது பத்து நிமிடம். நல்ல மனசை வைத்து எக்ஸ்ரே எடுக்க முடியாது. ஆள் வேண்டும், படுக்கை வேண்டும். அதையும் கேளுங்கள்.

—

இரவுப்பணி எழுதியது:

கறார் அண்ணன் சொல்வதில் முக்கால்வாசி சரி. நான் விபத்துப் பிரிவில் நர்ஸ். இரவில் சில நாள் முப்பது படுக்கைக்கு இரண்டு பேர்தான் இருப்போம்.

மீதிக் கால்வாசிக்கு இது பதில். விபத்துப் பிரிவில் வந்த நேரத்தைப் பார்த்து வரிசை கிடையாது. மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, இந்த மூன்றில் யாருக்கு ஆபத்தோ அவருக்கு முதலிடம். நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராக இருந்த லாரே, பதவியைப் பார்க்காமல் காயத்தின் கடுமையைப் பார்த்துத்தான் சிகிச்சை என்று வைத்தார். நாங்களும் இன்றுவரை அதைத்தான் செய்கிறோம். கத்திக்கொண்டு வருகிறவரைவிட, சத்தமில்லாமல் வெளிறிப்போய்ப் படுத்திருப்பவரைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பயம். உங்கள் விரல்கள் சிவப்பாக இருந்து, அசைந்து, தொட்டால் உணர்வும் இருந்திருந்தால் மணிக்கட்டு காத்திருக்கலாம். ஆனால் அதை ஒருவர் வந்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எங்கள் பக்கத் தப்புதான்.

இரண்டாம்மாடி, உங்களுடையது எலும்பு வெளியே தெரிந்த திறந்த முறிவு. தெருவின் மண்ணெல்லாம் உள்ளே போயிருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் முடிந்தவரை ஒரு மணி நேரத்துக்குள் போய்விட வேண்டும். அதனால்தான் உங்களைப் பெஞ்சில் உட்காரவைக்கவில்லை.

இரத்தம் கொடுத்தவர் பேரைச் சொல்ல மாட்டார்கள். அது இரகசியம். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளலாம். சிவப்பணுப் பையைக் குளிர்பெட்டியில் அதிகபட்சம் 42 நாள் வைத்திருக்கலாம். அதாவது உங்களுக்கு விபத்து நடப்பதற்குச் சில நாளோ சில வாரமோ முன்பே யாரோ இரண்டு பேர் வந்து கையை நீட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். யாருக்கென்று அவர்களுக்கும் தெரியாது. இரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டைனர் பிறந்த ஜூன் 14ஐத்தான் உலக இரத்தக் கொடையாளர் தினம் என்கிறோம், அன்றைக்கு வேண்டுமானால் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் திருப்பிக் கொடுப்பதற்கு அவசரம் வேண்டாம். இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் காத்திருக்க வேண்டும், சில நாடுகளில் பிறகு கொடுக்கவே விடமாட்டார்கள். இரத்த வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாவிட்டால், கொடுக்கக்கூடிய இருவரை அழைத்துப் போங்கள், கணக்கு சரியாகிவிடும்.

பிரேக் சத்தம். முதல் சில வாரம் நிறையப் பேருக்கு அப்படி இருக்கும், தானாகக் குறையும். ஆனால் ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் தூக்கத்தையோ வெளியே போவதையோ கெடுத்தால் காட்ட வேண்டும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது. அடுத்த முறை கால் காட்டப் போகும்போது இதையும் வாய்திறந்து சொல்லுங்கள். கால் டாக்டரிடம் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று யோசிக்காதீர்கள். அவர் உரிய இடத்துக்கு எழுதிக்கொடுப்பார்.

அந்த அம்மா செய்ததில் ஒன்றுகூட தப்பில்லை. எங்காவது முதலுதவி படித்திருப்பார்.

—

இரண்டாம்மாடி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

கதவில் சீட்டு ஒட்ட எனக்குத் தைரியம் வரவில்லை அக்கா. ஆனால் எதிர்வீட்டுக்காரர் "எதுவானாலும்" என்று ஆரம்பித்ததும், "திங்களும் வெள்ளியும் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோக முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "இவ்வளவுதானா" என்றார். நான் அவரிடம் ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிறேன் என்று அவரும் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தாரோ என்னவோ.

ஊன்றுகோல் இரண்டு துளை அதிக உயரத்தில் இருந்திருக்கிறது. இறக்கிய பிறகு கை மரத்துப்போவது நின்றது. மெக்கானிக்காக இருந்துகொண்டு இதைக் கவனிக்கவில்லை என்பதை வெளியே சொல்லாதீர்கள்.

பிரேக் சத்தத்தைப் பற்றியும் சொன்னேன். டாக்டர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதினார். நாளை மறுநாள் போகிறேன். கறார் அண்ணா, காத்திருந்த இடத்தில் புகார்ப் புத்தகம் இருந்தது. பெஞ்சு போதவில்லை, எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராவது வந்து சொன்னால் நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை முதல்முறையாக நின்றபடியே கீழே இறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு படி கீழே, முகத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகன் என் இன்னொரு கோலைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு பின்னால் வந்தான். ஒவ்வொரு படிக்கும் சத்தமாக எண்ணினான். கீழே போய்ச் சேர்ந்ததும் "அங்கிள், முப்பத்தஞ்சு" என்றான். நான் வாசற்படியைக் கணக்கில் சேர்க்கவில்லையாம்.