ஆடி 1: அத்தை வீட்டுச் சுட்ட தேங்காயை வேண்டாம்னு சொல்றதா, வாங்கிக்கறதா?

செவ்வாய்ப்பேட்டை: சேலத்துல ஆடி ஒண்ணுக்கு வீட்டுக்கு வீடு தேங்காய் சுடுவாங்க. ஒரு நாளைக்கு 1500 கலோரின்னு கணக்கு வச்சிருக்கறவங்க, "இளைச்சுப் போயிட்டியே கண்ணு"ன்னு கரண்டியோட நிக்கற அத்தைகிட்ட என்ன சொல்றது?

கணக்குப்பிள்ளை: வேண்டாம்னு சொல்லணும், ஆனா இலையில உட்கார்ந்த பிறகு கூடாது. ரெண்டு நாள் முன்னாடியே போன் பண்ணி, "எனக்கு அரை ஆள் சாப்பாடு போதும் அத்தை"ன்னு சொல்லிடுங்க. விடியக்காலம் எழுந்து சமைச்சவங்ககிட்டப் போய் மறுத்தா முகத்துல அடிச்ச மாதிரி இருக்கும்.

தேங்காய்க் கணக்கைப் பாருங்க. தேங்காய்ப் பருப்பு 250 கிராம் வந்தா ஏறக்குறைய 900 கலோரி. உள்ளே பச்சரிசி 50 கிராம், வெல்லம் 50 கிராம், பாசிப்பருப்பும் எள்ளும் கொஞ்சம்: இன்னொரு 500. ஒரு முழுக்காய் 1400. அன்னைக்கு மீதி என்ன இருக்கு?

அம்மாப்பேட்டை அக்கா: முழுக்காயை யாருங்க தம்பி தனியா திங்கறாங்க? போன்ல சொன்னா சேதி சித்தி வரைக்கும் போயிரும், அப்புறம் பந்தி பூரா உங்க இலையைத்தான் பார்ப்பாங்க.

வாங்கிக்கோங்க, அளவு உங்க கையில இருக்கட்டும். முதல்ல பொரியல், கூட்டு கேட்டு வாங்குங்க. சோறு ஒரு கரண்டி. 100 கிராம் சோத்துக்கு 130 கலோரி. நெய்க்கிண்ணம் பக்கத்து இலையில இருக்கும்போதே சொல்லிடணும். ஒரு டீஸ்பூனுக்கு 45 கலோரிதான், ஆனா அத்தை கை டீஸ்பூன் கணக்குல ஊத்தாது. இலை காலியானா அடுத்த கரண்டி வந்துரும், அதனால கடைசி ரெண்டு வாய் சோத்தை மத்தவங்க முடிக்கற வரைக்கும் வச்சிருங்க. வாயால "போதும்"னா உபசாரப் பேச்சுன்னு எடுத்துப்பாங்க. கையை இலைக்குக் குறுக்கே நீட்டணும். மோர் கேட்டுட்டீங்கன்னா சாப்பாடு முடிஞ்சதுன்னு அவங்களுக்கே புரிஞ்சிரும்.

கணக்குப்பிள்ளை: ஒரு வீட்டுக்கு இது செல்லும். ஆடியில நாலு வீடு ஏறி இறங்கறவங்களுக்கு, வீட்டுக்கு 500 வச்சாலும் 2000 ஆச்சே அக்கா.

குரங்குச்சாவடி: எதுக்கு இவ்வளவு? "டாக்டர் சுகர்னு சொல்லிட்டார்"னு ஒரு பொய். வேலை முடிஞ்சுது.

அம்மாப்பேட்டை அக்கா: முடியாது, அங்கேதான் ஆரம்பிக்கும். கல்யாணம் ஆகாதவங்களா இருந்தா அடுத்த வரன் பேச்சுல அந்தச் சுகர்தான் முதல்ல வரும். அத்தையும் சும்மா இருக்க மாட்டாங்க, "இது வயித்துக்கு லேசு"ன்னு ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சிடுவாங்க. ஜவ்வரிசிக்கே பேர் போன ஊர்ல இருந்துக்கிட்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கு: அது மரவள்ளி மாவுச்சத்துதான், 100 கிராம்ல 350 கலோரி, புரதம் இல்லேன்னே சொல்லலாம். வெள்ளிக்கிழமை விரதம்னு சொல்றதும் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும். அப்புறம் வடை பாயசத்தோட வருவாங்க.

மருந்துச்சீட்டு: நிஜமாவே சுகர் இருக்கறவங்களுக்கு ஒண்ணு. ராத்திரி விருந்து இருக்கேன்னு மதியம் பட்டினி கிடக்காதீங்க. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டா சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கும், வேர்க்கும், மயக்கமே வரலாம். மருந்து இல்லாதவங்களுக்கும் பட்டினி ஆகாது. பசியோட போனா முதல் தட்டுவடை செட்டுலயே கணக்கு போயிரும். கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு கிண்ணம் சுண்டலோ ரெண்டு முட்டையோ சாப்பிட்டுப் போங்க.

குரங்குச்சாவடி: சரி, பொய்யை வாபஸ் வாங்கிக்கறேன். வெல்லம்தானே வில்லன்? பூரணத்தை விட்டுட்டுப் பருப்பை மட்டும் தின்னா?

கணக்குப்பிள்ளை: தலைகீழ். 1400-ல 900 தேங்காய்ப் பருப்புலதான் இருக்கு, அதோட எடையில மூணுல ஒரு பங்கு கொழுப்பு. பூரணத்துல ரெண்டு ஸ்பூன், பருப்புல ரெண்டு விரல் அகலத்துண்டு, அதோட நிறுத்துங்க.

அம்மாப்பேட்டை அக்கா: இதுல தம்பி சொல்றது சரி. இன்னொரு வழியும் இருக்கு: காய்க்கு உள்ளே போடறப்போ அத்தை பக்கத்துல உட்கார்ந்து கை கொடுங்க. வெல்லத்தைப் பாதியாக்கலாம், கெடாது. அரிசி வேகறது திரும்ப ஊத்துற தேங்காய்த் தண்ணியிலதான். முக்கால் அளவுக்கு மேல திணிக்காதீங்க, அரிசி உப்பும்போது ஓடு வெடிச்சிரும்.

செவ்வாய்ப்பேட்டை: கிளம்பறப்போ தூக்குப்போசியில கட்டிக் கொடுக்கறதுக்கு?

அம்மாப்பேட்டை அக்கா: மறுக்காம வாங்கிக்கோங்க. நேரா ஆபீசுக்கு எடுத்துட்டுப் போங்க. போசியை மட்டும் கழுவித் திருப்பிக் கொடுத்துருங்க, இல்லேன்னா அதைக் கேட்டுக்கிட்டு இன்னொரு போசியோட வருவாங்க.