ஹைவேயில் வண்டியை மடக்கிய அனுபவம்: உங்களுக்கு என்ன நடந்தது?

பத்து வீல், ஆரணி:
ஆரணியில் அரிசி ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்பினேன். சொந்த வண்டி, லோன் டியூ ஓடுகிறது. வேலூர் தாண்டி வண்டிகளைச் சோதிக்கும் ஸ்குவாட் மடக்கி எடை மேடைக்கு அனுப்பியது. பத்து வீலுக்கு வண்டியும் லோடும் சேர்த்து அனுமதி 28.5 டன். போர்டில் 30.5 நின்றது. அபராதம் 20,000, கூடின டன்னுக்கு 2,000 வீதம், ஆக 24,000. கூடுதல் சிப்பத்தை இறக்கினால்தான் வண்டி நகரும் என்றார்கள். மில் மேனேஜருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "ஏத்தினது நாங்க, ஓட்டினது நீதானேப்பா" என்று வைத்துவிட்டார். அதிகாரி தலை நிமிரவே இல்லை, சலான் மிஷினில் என் லைசென்ஸ் நம்பரைத் தட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

புக்கிங் ஆபீஸ், ஆம்பூர்:
எங்களுக்குச் சிக்கல் இ-வே பில்லில், அதாவது சரக்கோடு போகவேண்டிய ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டில். பள்ளிகொண்டா டோலுக்கு முன்னால் ஆக்சில் போய், ஹார்பருக்குப் போகும் தோல் லோடை வேறு லாரிக்கு மாற்றினோம். பில்லில் வண்டி எண் போடும் பார்ட் பி-யில் டிஎன் 23-க்குப் பதிலாக 73 என்று பதிவாகிவிட்டது. வாலாஜா பக்கம் பிடித்த ஜிஎஸ்டி அதிகாரி வரியைப்போல் இரண்டு மடங்கு கட்டச் சொன்னார். வண்டி எண்ணில் ஓரிரு எழுத்து மாறியிருந்தால் 1,000 ரூபாயோடு விடலாம் என்று 2018 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. போனில் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து, வரிவரியாக இரண்டு தடவை படித்தார். அதுவரை எனக்கு மூச்சே வரவில்லை. 1,000 கட்டிவிட்டுக் கிளம்பினோம்.

ரிட்டயர்டு டிரைவர், காட்பாடி:
ஆரணி தம்பி, 2 டன் கூடினது தெரியாமலா ஓட்டினீங்க? ஏத்தத்தில் வண்டியே சொல்லிடுமே. கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் ராத்திரி முழுக்க நின்றவன்தான் நானும், அது கிடக்கட்டும். லோடு ஏறின ஊரிலேயே எடை போட்டுச் சீட்டு வாங்குங்க. எடை போட மறுத்து வண்டியைக் கிளப்பிடாதீங்க, அதுக்கு அபராதம் 40,000. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவு ஓட்டுகிறவரை மட்டும் சொல்லவில்லை, ஓட்ட வைத்தவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. மில் சீட்டை வைத்துக்கொண்டு எழுதிக் கொடுங்க. லைசென்ஸை 3 மாதம் நிறுத்திவைக்கவும் நோட்டீஸ் வரலாம், வந்தால் நேரில் போய் பதில் சொல்லுங்க. அப்புறம், இ-வே பில் கெடு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான். வண்டி படுத்துட்டா, கெடு முடிய 8 மணி நேரம் இருக்கும்போதோ, முடிஞ்ச 8 மணி நேரத்துக்குள்ளேயோ நீட்டிக்கலாம். ஆம்பூர்க்காரர் இதை விட்டுட்டார்.

பத்து வீல், ஆரணி:
ஐயா, தெரியாமல் ஓட்டவில்லை. ஏற்றும்போதே கேட்டேன். "வேணாம்னா இறக்கிடு, பின்னாடி வேற வண்டி நிக்குது" என்றார்கள். அவர்கள் கொடுத்த சீட்டிலேயே 2 டன் குறைத்துத்தான் எழுதியிருந்தது. ரோட்டோரம் 25 கிலோ சிப்பம் 80 இறக்கினோம், அந்தக் கூலியும் என் தலையில்தான். 194-இல் ஏற்றி அனுப்பியவர் மேல் வழக்குப் போட வைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால், யாரிடம் எழுதிக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது.