"நீங்கள் செக்ஸ் அடிக்ட்" என்று உங்களிடம் யாராவது சொன்னதுண்டா? அனுபவத்தைப் பகிருங்கள்

ஆஸ்டின்வாசி

செக்ஸ் அடிக்‌ஷன் என்பதே கட்டுக்கதை என்று அமெரிக்க சைக்காலஜிஸ்ட் டேவிட் லே எழுதிய புத்தகத்தை இங்கே பலர் படித்திருப்பீர்கள், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு என் லேப்டாப்பில் இருந்த ஆபாசப் படங்களை மனைவி பார்த்துவிட்டாள். அந்த வாரமே ஒரு கவுன்சிலரிடம் போனோம். அவர் 25 கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து டிக் அடிக்கச் சொன்னார். இதை யாரிடமாவது மறைத்ததுண்டா, செய்த பிறகு மனம் நொந்ததுண்டா என்கிற மாதிரிக் கேள்விகள். நம் வீடுகளில் வளர்ந்தவன் எவன் இதற்கெல்லாம் 'இல்லை' என்று போடுவான்? கூட்டிப் பார்த்துவிட்டு "நீங்கள் அடிக்ட்" என்றார். குடிநோய் மாதிரி ஆயுளுக்கும் கூடவே வருமாம். அதன் பிறகு 14 மாதம், திங்கள்தோறும் ஒரு குழுவில் எழுந்து நின்று அதையே என் வாயால் சொன்னேன்.

வேலை மாறி இன்சூரன்ஸும் மாறியதால் வேறொரு சைக்காலஜிஸ்ட். வாரத்தில் எத்தனை தடவை என்று கேட்டார். இரண்டு, மூன்று என்றேன். வேலை போனதா? இல்லை. கடன்? இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது பாவம் என்று யாருமே சொல்லித் தராமல் வளர்ந்திருந்தால், நீங்கள் இங்கே வந்திருப்பீர்களா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிளஸ் டூ படிக்கும்போது டியூஷன் பணத்தை எடுத்துக்கொண்டு போய், "வாலிப வயோதிக அன்பர்களே" என்று கூப்பிட்ட ஒரு லாட்ஜ் வைத்தியரிடம் லேகியம் வாங்கியவன் நான். ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்று அவர் கணக்குச் சொன்னபோது தொண்டை எப்படி அடைத்ததோ, அதே அடைப்பு அந்த அறையிலும் வந்தது. லேயின் பெயரை அந்த சைக்காலஜிஸ்ட் அம்மாதான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

எடிசன் தோழி

ஆஸ்டின் அண்ணா, உங்கள் கதை வேறு, என்னுடையது வேறு. நான் மனைவி பக்கம்.

என் கணவருக்கு மூன்று வருடம் வெளியே தொடர்பு இருந்தது. மாட்டிக்கொண்ட பத்தாம் நாள் "இது நோய், என் மூளை அப்படி" என்று வந்து நின்றார். கவுன்சிலர் ஒரு படி மேலே போய் நானும் 'கோ அடிக்ட்', அதாவது அவருடைய நோயில் எனக்கும் பங்கு உண்டு, எனக்கும் சிகிச்சை வேண்டும் என்று ஒரு பயிற்சிப் புத்தகத்தை நீட்டினார். துரோகம் செய்தவர் அவர், வீட்டுப்பாடம் எனக்கு.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் மனைவிக்குத் துரோகம் செய்ததற்காக 2010 பிப்ரவரியில் டிவியில் மன்னிப்புக் கேட்டாரே, அந்த வீடியோவை என் கணவர் என்னை உட்கார வைத்துக் காட்டினார். உட்ஸ் அதில் 45 நாள் உள்நோயாளியாகச் சிகிச்சை எடுத்ததைச் சொல்வார். சாதாரண விதிகள் தனக்குப் பொருந்தாது என்று தன்னையே நம்ப வைத்துக்கொண்டதாகவும் சொல்வார். அந்த இடம் வந்ததும் இவர் ரிமோட்டை எடுத்து வேகமாகத் தள்ளிவிட்டார். அந்தக் கட்டைவிரல் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

கட்டுப்பாடே இல்லாதவர் மூன்று வருடம் ஒரு ரசீதுகூட விடாமல் கிழித்துப் போட்டிருக்கிறார். லேயின் புத்தகம் 2012இல் வந்தது, நான் படித்தது அதற்கும் பிறகு. நோய் என்ற பெயர் ஆண்களைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுகிறது என்று அவர் வாதாடுவதைப் படித்தபோதுதான், எனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது என்றே தோன்றியது.

பழைய ரயில்

படிக்கப் படிக்க ஆத்திரமாக வருகிறது. வாரம் மூன்று தடவைக்காரர் அடிக்ட் இல்லைதான். எனக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். சிகாகோவில் இரண்டு வேலை போனது.

பள்ளி விடும் நேரம் 3:15. நான் மூன்று மணிக்கே போய் பார்க்கிங்கில் காரில் உட்கார்ந்தேன், கையில் ஃபோன். யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஆசிரியை. பக்கத்தில் பையை மாட்டிக்கொண்டு என் மகள். மணி 4:40. அவள் காரில் ஏறி, எதுவும் கேட்காமல் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள்.

எனக்கு யாரும் லேகியம் விற்கவில்லை. பாவம், புண்ணியம் என்ற பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் பெயர் கிடைத்த பிறகுதான் ஒரு மனிதரிடம் போய் உதவி கேட்க எனக்கு வாய் வந்தது. அதைப் பிடுங்கிவிட்டு என்ன தருவீர்கள்?

கறிவேப்பிலை

பழைய ரயில், உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்தப் பெயர் இல்லையென்றால் உதவியே கிடையாது என்பது தவறு.

என் அனுபவம் சின்னது. ஃபீனிக்ஸில் ஒரு கிளினிக்கில் சமூகப் பணியாளர். 19 வயதுப் பையனை அவன் அப்பாவே அழைத்து வந்து "என் மகன் அடிக்ட்" என்றார். பையன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். தனியாகக் கேட்டால் மாதம் ஒரு தடவை என்றான்.

சரி, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்ரிக் கார்ன்ஸ் என்ற அமெரிக்க சிகிச்சையாளர் 1983இல் புத்தகம் போட்ட பிறகுதான் 'செக்ஸ் அடிக்ட்' என்ற இந்தச் சொல் பரவியது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம்மின் 1987 பதிப்பில் ஒரு ஓரத்தில் இடம்பிடித்து, 1994இல் காணாமல் போனது. 2013 பதிப்புக்கு 'ஹைப்பர்செக்ஷுவல் டிஸார்டர்' (மிகைப் பாலியல் கோளாறு) என்று முன்மொழிந்தார்கள், சேர்க்கவில்லை. பாலியல் கல்வியாளர்கள், சிகிச்சையாளர்களின் அமைப்பான ஆசெக்ட் 2016இல், இதை மனநோயாக வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிவித்தது. அதே சமயம் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி 11, 2022இல் நடைமுறைக்கு வந்ததே, அதில் கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. போதைப் பழக்கங்களோடு சேர்க்காமல், உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளின் கீழ் வைத்திருக்கிறார்கள். தார்மீகக் குற்றவுணர்ச்சியால் மட்டும் வரும் வேதனை இந்த நோயறிதலுக்குப் போதாது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆஸ்டின் நண்பர் அதற்குள் வரமாட்டார். நீங்கள் வரலாம்.

அப்புறம், யாரிடம் போனாலும் முதலில் தூக்கம், மனச்சோர்வு, பைபோலார் பற்றிக் கேட்கிறார்களா என்று பாருங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும். பார்கின்சனுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே இந்த உந்துதலைக் கிளப்பிவிடும். உள்நோயாளியாகச் சேருவதற்கு முன்பணம் கேட்டால், எந்த நோயின் பெயரில் பில் போடுவார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். முதல் நாளே 'ஆயுளுக்கும் இது போகாது' என்று சொல்பவரிடம் இரண்டாவது நாள் போக வேண்டாம். மனைவிக்குத் தனியாக ஒரு ஆலோசகர் வேண்டும், கணவருக்குப் பார்ப்பவரே அவருக்கும் பார்க்கக் கூடாது. எடிசன் தோழிக்கு நடந்தது அதுதான்.

எடிசன் தோழி

எனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் கறிவேப்பிலை. ஆலோசனை கேட்டு நான் எழுதவில்லை.

பழைய ரயில், உங்கள் மகள் பெல்ட் போட்டுக்கொண்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. நான் எழுதியது உங்களைப் பற்றி இல்லை.

பழைய ரயில்

தெரியும் அம்மா.

கறிவேப்பிலை, தூக்கம் என்று எழுதியிருந்தீர்கள். நான்கு வருடத்தில் அதை யாருமே கேட்கவில்லை. விசா சிக்கலில் அப்பாவின் காரியத்துக்குக்கூட ஊருக்குப் போக முடியவில்லை, அதிலிருந்தே இரவில் தூக்கம் கிடையாது. ஃபோன் அதற்குப் பிறகா, முன்பா? உட்கார்ந்து யோசித்துப் பார்க்கிறேன். அடிக்ட் என்ற சொல்லை இன்னும் விடவில்லை. குழுவுக்கும் போவேன்.

ஆஸ்டின்வாசி

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். எடிசன் தோழி ரிமோட் பற்றி எழுதியதிலிருந்து உறுத்துகிறது.

அந்த சைக்காலஜிஸ்ட் கேட்ட கேள்வியை மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைப்பாள். அவளைப் பொறுத்தவரை நான் இன்னும் திங்கள்கிழமை குழுவுக்குப் போகிறேன். ஏழு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். "இன்றைக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே அவள் தோசை ஊற்றுவாள்.