தக்காளி விலை டேட்டால காலி நாட்கள், என்ன பண்றது? ஸ்டாட்ஸ் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம். வேலூர் பக்கம் ஒரு காலேஜ்ல பிஎஸ்சி ரெண்டாம் வருஷத்துக்கு புள்ளியியல் எடுக்குறேன். கோலார் மண்டில தக்காளி விலை ஏறினா கோயம்பேட்டுல எத்தன நாள் கழிச்சு ஏறுதுன்னு (அந்த நாள் இடைவெளிதான் லேக்) பசங்கள வச்சு பாத்துட்டு இருக்கேன். 2023 முழு வருஷம், ஜூலைல கிலோ நூறு ரூபாய தாண்டுச்சே, அதுவும் இதுல வருது. கோலார் விலை அக்மார்க்நெட்ல (மண்டி விலை போடுற அரசு வெப்சைட்) எடுத்தது, குவிண்டாலுக்கு. கோயம்பேடு விலைய பசங்களே பழைய பேப்பர் பாத்து டைப் பண்ணாங்க. எல்லாமே கூகுள் ஷீட்ஸ்ல, பாதி பேருக்கு போன் மட்டும்தான்.

சிக்கல் காலி நாட்கள்தான். மார்க்கெட் லீவா, இல்ல என்ட்ரி போடலயான்னு தெரியல, ரெண்டும் ஒரே மாதிரி வெத்து கட்டமாதான் இருக்கு.

அந்த வரிகள டெலீட் பண்ணா ஒருநாள் லேக்னு நினைக்கிறது சில இடத்துல மூணு நாளா ஆயிடுது. ஒரு பொண்ணு சைபர் போட்டுச்சு, கிராஃப் தரைய தொட்டு தொட்டு எழும்புது, கோரிலேஷனும் (ரெண்டு விலையும் எவ்வளவு சேந்து அசையுதுங்கற அளவு) தாறுமாறு. முந்தின நாள் விலையையே போட்டா ரெண்டு பக்கமும் ஒண்ணா அசையாம நின்னு பொய்யா ஒட்டுது. வார சராசரியும் பாத்தாச்சு, ஆனா லாரி ஒரே ராத்திரில வந்துடுது, வாரக்கணக்குல அந்த ஒரு நாள் எங்க தெரியும்?

அடுத்த வாரம் பசங்க பிரசென்டேஷன். லேக் கெடாம இந்த காலி நாட்கள ஷீட்ஸ்லயே எப்படி கையாளலாம்?