புதுப்பிப்பு: பால் குடிக்காத பொமரேனியன் குட்டி தேறிவிட்டது

மார்கழியில் கேட்டிருந்தேனே, தேன்கனிக்கோட்டைக் குளிரில் எங்கள் பொமரேனியன் போட்ட நான்கு குட்டிகளில் கடைசி மட்டும் பால் குடிக்காமல் சுருண்டு கிடக்கிறது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நான்கும் பிழைத்தன.

கைகொடுத்தது "முதலில் சூடு, பிறகு பால்" என்ற யோசனைதான். உடம்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. அது தெரியாமல் ஃபில்லரில் பசும்பால் புகட்டிக்கொண்டிருந்தேன், பேதிதான் மிச்சம். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, கதகதப்பானதும் தாயின் பின்காம்பில் விட்டேன். அங்கேதான் பால் அதிகம். சமையலறைத் தராசில் தினமும் எடை போட்டேன்: மூன்றாம் நாள் 110 கிராம், பத்தாம் நாள் 190.

எதிர்பாராதது தாய்க்கு வந்ததுதான். மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி கால் விறைத்து நடுங்கியது. குளிர் என்று நினைத்துப் போர்வை போர்த்தினேன், மடத்தனம்! கால்சியம் குறைவாம். பால் கொடுக்கும் சின்ன ஜாதி நாய்களுக்கு இது வரும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றியதும் எழுந்துகொண்டது.

இரண்டாவது வாரத்திலிருந்து பூச்சி மருந்து, ஏழாவது வாரம் தடுப்பூசி. எட்டு வாரம் முடிந்ததும் ஓசூருக்கு இரண்டு, ராயக்கோட்டைக்கு ஒன்று போயின. அந்தக் கடைசிக் குட்டியை மட்டும் என் அம்மா கொடுக்க விடவில்லை.