150-600 லென்ஸா, மசாய் மாராவா?

கூழைக்கடா_செங்கை:
வணக்கம் மக்களே. வீக்எண்ட் ஆனா பள்ளிக்கரணை, வேடந்தாங்கல்னு சுத்துற ஆள் நான். கையில கேனான் க்ராப் பாடியும் (சின்ன சென்சார் கேமரா) 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும்தான். வேடந்தாங்கல்ல கூடு கட்டுற மரமெல்லாம் ஏரிக்குள்ள இருக்கறதால கரையிலேர்ந்து எடுத்தா நத்தைக்குத்தி நாரை பொட்டு சைஸுக்குத்தான் விழுது. கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு, இன்னும் தூரத்துல இருக்கறதை இழுக்கற 150-600 லென்ஸ் வாங்கலாமா இல்ல ஆகஸ்ட்ல ஃப்ரெண்ட்ஸோட கென்யாவுல மசாய் மாரா காட்டுக்குப் போயிடலாமா? வேன்ல ஷேரிங்னு சொல்றாங்க.

சிறவி:
முதல்ல லென்ஸை ஒரு வீக்எண்ட் வாடகைக்கு எடுத்துப் பாருங்க, ரெண்டு கிலோவை காலைலேர்ந்து தூக்கி நின்னா பாதி ஆசை தானா அடங்கிடும் 😀 தூரம் மட்டும் பிரச்சனை இல்லீங்க, வெயில் ஏறி தண்ணி மேல கானல் ஆட ஆரம்பிச்சா 600ல எடுத்தாலும் இறகெல்லாம் கரைஞ்ச மாதிரிதான் வரும். பள்ளிக்கரணைல நீலத்தாழைக்கோழி கிட்டவே மேயும், கோரையைப் பிடுங்கி ஒரு கால்ல பிடிச்சுக்கிட்டு உள்தண்டை உரிச்சு உரிச்சு தின்னும், அதுக்கு உங்க 300 தாராளம். பறக்கறதை எடுக்க ஷட்டர் ஸ்பீடு 1/2000 செகண்டு வச்சுப் பழகுங்க.

தூசி_தொப்பி:
மாரா போய்ட்டு வந்தவன் சொல்றேன், அங்க 600 தேவையே இல்ல, சிங்கம் வண்டி நிழல்லயே வந்து படுத்துக்கும், 100-400 போதும். ஆனா ஷேரிங் வேன் வேணாம், நீங்க நல்ல வெளிச்சத்துக்குக் காத்திருப்பீங்க, பக்கத்து சீட்டுக்காரர் அடுத்து யானை எங்கன்னு கேப்பார். ஆகஸ்ட்ல காட்டுமான் (வில்டபீஸ்ட்) மந்தை ஆறு தாண்டும்தான், ஆனா மணிக்கணக்கா கரையில நின்னுட்டு அப்படியே திரும்பிப் போறதும் உண்டு, அதுக்கு ஜூலைலேர்ந்து டிசம்பர் வரை வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு நாள் என்ட்ரி மட்டும் 200 டாலர். ஜனவரி டு ஜூன் 100 தான். பிப்ரவரில மந்தை டான்சானியா பக்கம் குட்டி போடப் போயிருக்கும், ஆனா சிறுத்தை, சிவிங்கிப்புலி எல்லாம் ஊரைவிட்டு எங்கயும் போகாது. லென்ஸைத் தாங்க வைக்கிற பீன்பேக் பையைக் காலியா எடுத்துட்டுப் போங்க, அங்க அரிசி வாங்கி ரொப்பிக்கலாம். ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல கேமரா, லென்ஸ் சீரியல் நம்பரைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிடுங்க, திரும்பி வரும்போது எங்க வாங்கினதுன்னு கேள்வி வராது.

சோலைமந்தி:
எதுக்கு எடுத்தவுடனே ஆப்பிரிக்கா? வால்பாறை புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்கு ரோட்டு மேலயே உக்காந்திருக்கு, உலகத்துல மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேற எங்கயும் கிடையாது, வெளிநாட்டுக்காரன் அதுக்காக ஃப்ளைட் ஏறி வரான். பிஸ்கட் மட்டும் போட்டுடாதீங்க சாமி. அப்புறம் மொபைல்ல பறவை சத்தம் போட்டு வரவழைக்கிறது, கூட்டுக்கிட்ட போய் நிக்கிறது, இந்தப் பழக்கம் ஆரம்பத்துலயே வேணாம். சிறுத்தைதான் வேணும்னா இலங்கைல யாலா தேசியப் பூங்கா இருக்கே, என்ன, ஒரு சிறுத்தைக்குப் பின்னாடி ஜீப்பு வரிசை கட்டி நிக்கும்.

கூழைக்கடா_செங்கை:
நன்றி எல்லாருக்கும். இப்ப வால்பாறை, பிப்ரவரில மாரா, லென்ஸ் வாடகைக்கு. வீட்டம்மாகிட்ட இன்னும் சொல்லல, அது தனிக்கதை. மஞ்சள் காய்ச்சல் ஊசி கண்டிப்பா போடணுமா?

தூசி_தொப்பி:
போட்டே ஆகணும். கென்யாலேர்ந்து திரும்பி வரும்போது ஊசி போட்ட கார்டு இல்லன்னா நம்ம ஏர்போர்ட்லயே தனியா பிடிச்சு வச்சுடுவாங்க. சென்னைன்னா கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடுறாங்க, என்னைக்குன்னு விசாரிச்சுட்டு பாஸ்போர்ட்டோட போங்க. கிளம்புறதுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அப்பதான் கார்டு செல்லும்.